காவடி நூடுல்ஸ்

ராத்திரி எட்டரை மணிக்கு ஓசூர் பாகலூர் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் காலி டிபன் பாக்ஸுமாக இறங்குகிற கூட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத இரண்டு மூன்று பாஷைகளில் பசிக்கிறது என்று சொல்லும். அவர்களுக்காகத் தள்ளுவண்டிகளில் இரும்புச் சட்டிகள் காத்திருக்கும். கேஸ் அடுப்பின் சீறலும், சட்டியில் கரண்டி மோதும் 'டங் டங்'கும்தான் தொழிற்பேட்டையின் ராத்திரி நேரத்துத் தவில்.

வண்டிகளின் போர்டைப் படித்துக்கொண்டே நடந்தேன். செஷ்வான் நூடுல்ஸ், செஸ்வான் நூடுல்ஸ், ஸ்கெஸ்வான் நூடுல்ஸ், கடைசி வண்டியில் 'சேஸ்வன்' நூடுல்ஸ். ஒரு பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதினால் அந்த ஆளை யாருமே நேரில் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சரி, ஆளைத் தேடுவோம் என்று கிளம்பினேன். ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் மூன்று தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டேன். மார்க் போடப்போகிறேன். பன்றிக்கறி என்ற வார்த்தையைப் படித்தாலே முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். ஆனால் விஷயம் உங்களையும் பற்றியதுதான். முடிந்தால் இருங்கள்.

முதலில் கேள்வித்தாள். செஷ்வான் என்று நாம் கடித்துத் துப்புகிற சொல், சீனாவின் தென்மேற்கில் இருக்கும் சிச்சுவான் மாகாணம். தலைநகர் செங்டு. அந்த ஊரின் பெயர்போன தெருச் சாப்பாடு 'டான் டான் நூடுல்ஸ்'. கோயில் மணி மாதிரி ஒலித்தாலும் அர்த்தம் வேறு. 'டான்' என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் கழி. கழியின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் நூடுல்ஸும் மசாலாவும் கிண்ணங்களும். தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கேட்கிற இடத்தில் இறக்கிவைத்து, அங்கேயே வேகவைத்துக் கொடுப்பார்கள். சுத்தத் தமிழில் சொன்னால் காவடி நூடுல்ஸ். (தண்டு என்பதுதான் டான் ஆயிற்று என்று உடனே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்பிவிடாதீர்கள்.) 1841-ல் ஸிகாங் என்ற ஊர்க்காரர் ஒருவர் ஆரம்பித்தது என்று சிச்சுவானில் கதை சொல்கிறார்கள்.

இந்தக் காவடி சிச்சுவானுக்கு மட்டும் சொந்தமில்லை. தைவானின் தைனான் நகரில் 1895-ல் ஒரு மீனவர், புயல் மாதங்களில் கடலுக்குப் போக முடியாமல், இதே மாதிரி கழியைத் தோளில் வைத்துக்கொண்டு கொத்துக்கறி நூடுல்ஸ் விற்கக் கிளம்பினார். அதில் காரம் கிடையாது. ஆனால் பன்றிக்கறி உண்டு, கழியும் உண்டு. கிருஷ்ணகிரியில் ஃபாக்டரி வைத்திருக்கும் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் தைவான் கம்பெனி. அங்கிருந்து இங்கே வேலையாக வருகிற ஒரு இன்ஜினீயர், நம் போர்டுகளைப் பார்த்து என்ன நினைப்பாரோ!

டான் டானுக்குள் என்ன இருக்கிறது? சின்னக் கிண்ணம். அடியில் மிளகாய் எண்ணெய், சோயா, கொஞ்சம் வினிகர், சில கடைகளில் எள் விழுது. அதன் மேல் வெந்த நூடுல்ஸ். அதற்கும் மேல், கொழுப்பு உருகி மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்த பன்றிக் கொத்துக்கறி. அதோடு 'யா ட்சாய்' என்று உப்பில் ஊறிய கடுகுத்தண்டு. கடைசியாக சிச்சுவான் மிளகுத் தூள். குழம்பு என்று ஒன்று ஊற்றப்படுவதில்லை. தோளில் தூக்கிப் போகிறவன் எத்தனை லிட்டர்தான் சுமப்பான்? சாப்பிடுகிறவர்தான் அடிவரை கிளறிக்கொள்ள வேண்டும்.

இதில் உயிர்நாடி கடைசி அயிட்டம். சிச்சுவான் மிளகு நம் மிளகு ஜாதியே இல்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்த குடும்பம். நாக்கில் பட்டால் எரியாது, ஜிவ்வென்று மரத்துப்போகும். சித்த மருந்துக் கடையில் அக்கரகாரம் வாங்கிக் கடித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கத்து உணர்ச்சி. 2013-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் இதை உதட்டில் தடவி அளந்தே பார்த்துவிட்டார்கள். விநாடிக்கு சுமார் 50 முறை அதிர்வது போல் இருக்கிறதாம். நம் வீட்டு கரண்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான், கவனியுங்கள். சீனர்கள் இதை 'மா' என்கிறார்கள். மிளகாய்க் காரம் 'லா'. இரண்டும் சேர்ந்தால் 'மாலா'. மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் 16-ம் நூற்றாண்டில் கப்பலில் வந்த விருந்தாளி. 'மா'தான் அவர்களுடைய பூர்வீகச் சொத்து.

கேள்வித்தாள் புரிந்ததா? சின்னக் கிண்ணம், மொறுமொறு பன்றிக்கறி, ஊறிய கீரைத்தண்டின் புளிப்பு உப்பு, மரத்துப்போகும் நாக்கு. இப்போது விடைத்தாள்கள்.

தட்டு ஒன்று. பெங்களூர் ஹைவேயில், கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏ.சி. முகத்தில் அறைகிற ஒரு ஓட்டல். மெனுவில் சாட்சாத் 'டான் டான் நூடுல்ஸ்' என்றே போட்டிருந்தது. விலை 480 ரூபாய்.

"சார், ரொம்ப ஸ்பைசியா இருக்கும். கம்மி பண்ணச் சொல்லட்டுமா?" என்றார் சர்வர்.

"வேண்டாம். போர்க்தானே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, குரலை இறக்கினார். "இல்ல சார், சிக்கன் கீமா. போர்க்கெல்லாம் நாங்க பண்றதில்ல. ஃபேமிலி வர்ற இடம் சார்."

பன்றி என்ன, பிரம்மச்சாரிகளுக்காக மட்டும் படைக்கப்பட்ட பிராணியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சம்பளத்துக்கு நிற்பவரிடம் தத்துவம் பேசக் கூடாது.

வந்தது தட்டு இல்லை, தாம்பாளம். மூன்று பேர் சாப்பிடலாம். நிலக்கடலை வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த பழுப்புக் குழம்பில் நூடுல்ஸ் குளித்துக்கொண்டிருந்தது. சிக்கன் கொத்துக்கறி வெந்திருந்தது, வறுபடவில்லை. மொறுமொறுப்புக்குப் பதில் ரப்பர். ஊறிய காய் எதுவும் இல்லாததால் இனிப்பை எதிர்த்துப் பேச ஆளில்லை. நாக்கு முழு சுயநினைவோடு இருந்தது. சமையல்காரர் கை சுத்தம், நூடுல்ஸ் பதம் சரி. அதற்கு மட்டும் மார்க். நூற்றுக்கு 35. பார்டரில் பாஸ்.

சிக்கன் போட்டதற்காக மார்க் குறைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் அசல் வெறியன் இல்லை. சமையல் ஊர் மாறினால் உடுப்பு மாறத்தான் செய்யும். சிச்சுவானில் பிறந்த சென் கென்மின் என்ற சமையல்காரர் 1950-களில் ஜப்பானுக்குப் போனார். 1958-ல் டோக்கியோவில் ஓட்டல் திறந்தார். ஜப்பானியருக்கு சூப் இல்லாமல் நூடுல்ஸ் இறங்காது என்று பார்த்து, டான் டானில் எள் விழுது கலந்த சூப்பை ஊற்றினார். இன்று ஜப்பானில் 'டான்டான்மென்' அவர்களுடைய சொந்தச் சாப்பாடு. மாற்றினார், சரி. ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினார். ராகத்தைத் தெரிந்துகொண்டு அந்நிய ஸ்வரம் போடுவது வேறு, ஸ்வரமே தெரியாமல் தப்பாகப் பாடுவது வேறு.

தட்டு இரண்டு. பாகலூர் ரோட்டு வண்டி. செஷ்வான் சிக்கன் நூடுல்ஸ், 90 ரூபாய்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970-களில் மும்பை தாஜ் ஓட்டலின் கோல்டன் டிராகன் சிச்சுவான் சமையலை நம் பணக்காரர்களுக்கு அறிமுகம் செய்தது. அதே மும்பையில்தான் 1975-ல், கல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாயில் ஆரம்பித்து சோயா சாஸும் சோளமாவும் சேர்த்து சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தார் என்பார்கள். சிச்சுவான் தாஜ் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது, வழியில் மிளகு உதிர்ந்துவிட்டது. மிச்சம் நின்றது வரமிளகாய், பூண்டு, எண்ணெய், வினிகர். அதுதான் செஷ்வான் சட்னி. சில்லறை வியாபாரம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்னியை வீட்டுக்கு வீடு கொண்டுபோன கேப்பிட்டல் ஃபுட்ஸ் கம்பெனியை 2024-ல் டாடா கன்ஸ்யூமர் 5,100 கோடி ரூபாய் மதிப்பில் வாங்கியது.

வண்டி நூடுல்ஸில் சிச்சுவான் துளியும் இல்லை. ஆனால் வேறு ஒன்று இருந்தது. தீ! இரும்புச் சட்டி காய்ந்து புகைகிறபோது போட்டுப் புரட்டிய அந்தக் கருகல் வாசனை, 480 ரூபாய் தாம்பாளத்தில் கிடையாது. முட்டைகோஸ் நறுக்கென்று கடிபட்டது. பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவனுக்கு என்ன வேண்டுமோ அது கிடைத்தது. சூடு, காரம், வயிறு நிறைவு. குறைகள்? சிவப்புக் கலர் அநியாயம், கை கழுவியும் போகவில்லை. இரண்டாவது, ஒரே சட்னியை நூடுல்ஸ், ரைஸ், காளான், காலிஃபிளவர் எல்லாவற்றிலும் கொட்டினால் எல்லாம் ஒரே ருசி. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒவ்வொரு குணம் என்று பெருமைப்படுகிற சமையலின் பெயரில் இது நடப்பதுதான் கொடுமை. 60 மார்க். ஃபர்ஸ்ட் கிளாஸ்.

சட்டி புரட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டார்ஜிலிங் பக்கத்து மலை. ஓசூர் வந்து நாலு வருஷம். தமிழில் அண்ணா, கன்னடத்தில் அண்ணா, தெலுங்கில் அன்னா என்று எல்லோரையும் ஒரே சொல்லில் சமாளித்துக்கொண்டிருந்தான். கூட்டம் குறைந்ததும் பேச்சுக் கொடுத்தேன். நாக்கு மரத்துப்போகிற மிளகு ஒன்று உண்டு தெரியுமா என்றேன்.

"திமுர்தானே அண்ணா? எங்க ஊர்ல இருக்கு. என் பைலயே இருக்கு."

பைக்குள்ளிருந்து பாலிதீன் உறையை எடுத்துக் காட்டினான். முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சைத் தோல் வாசனை. இமயமலை திமுர், சிச்சுவான் மிளகின் பங்காளி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓசூருக்கே செஷ்வான் போடுகிறவனின் பையில் சிச்சுவான் மிளகின் உறவு இருக்கிறது. செஷ்வானில் மட்டும் இல்லை!

"ஏன்ப்பா இதைப் போடறதில்ல?"

"போட்டா அடிப்பாங்க அண்ணா. வாய் மரத்துப்போச்சு, என்னமோ கலந்துட்டான்னு சொல்வாங்க."

அமெரிக்காவே 1968 முதல் 2005 வரை இந்த மிளகின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. எலுமிச்சைக் குடும்பம் என்பதால் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் பரவும் என்ற பயம். நம்முடைய பயம் வேறு மாதிரி. இத்தனைக்கும், ஓசூரைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தின் கடற்கரைப் பக்கம் இதே இனத்து மரம் ஒன்று உண்டு. கொங்கணிக்காரர்கள் தெப்பல் என்று மீன் குழம்பில் போடுவார்கள். கன்னடத்தில் 'ஜும்மன காயி'. ஜும்மென்று ஏறும் காய்! எவ்வளவு நேர்மையான பெயர்.

பன்றிக் கொத்துக்கறி, ஊறிய கடுகுக்கீரை, நூடுல்ஸ் என்று டான் டானை அவனுக்கு விவரித்தேன். அவன் சிரித்தான். "இது எங்க வீட்டுச் சாப்பாடுதான் அண்ணா. நூடுல்ஸ் மட்டும் புதுசு. திங்கக்கிழமை வண்டி லீவு. ரூமுக்கு வாங்க."

தட்டு மூன்று. ஜூஜூவாடிப் பக்கம், ஷீட் போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. நாலு பையன்கள், ஒரு ஃபேன். கறியை எல்லை தாண்டிப் போய் வாங்கி வந்திருந்தான். மரப்பலகையில் வைத்து இரண்டு கத்தியால் கொத்தினான். கொத்துகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க டி.வி.யை உரக்க வைத்தார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். நான் புழுக்கத்தில் நெளிவதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போன வீட்ல இதுக்குத்தான் காலி பண்ணச் சொன்னாங்க அண்ணா. வாசனை வருதுன்னு."

கொழுப்பு உருகி, அதிலேயே கறி பொரிந்து பழுப்பானது. இஞ்சி, பூண்டு, வரமிளகாய். பிறகு 'குந்த்ருக்' என்று அவர்கள் ஊரில் கடுகுக்கீரையைப் புளிக்கவைத்துக் காயப்போட்டது. அம்மா அனுப்பியது. யா ட்சாயின் இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டிக்காக வாங்கிய நூடுல்ஸ்தான். அவித்து, சின்னக் கிண்ணங்களில் போட்டு, மேலே கறி. கடைசியாகத் திமுரை அம்மிக்கல் மாதிரி ஒரு கல்லில் நுணுக்கித் தூவினான்.

முதல் வாயில் உப்பும் புளிப்பும். இரண்டாவதில் காரம். மூன்றாவதில் உதடு ஜும்மென்றது. மொறுமொறு கறியைப் பல்லில் தேடித் தேடிச் சாப்பிட்டேன். குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால், கடுகெண்ணெய் நெடி கொஞ்சம் தூக்கல். நூடுல்ஸ் ஒரு நிமிஷம் அதிகம் வெந்துவிட்டது. எள் இல்லை, வினிகர் இல்லை. செங்டுக்காரர் இதை டான் டான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். உறவுக்காரன் என்று ஒப்புக்கொள்வார். 82 மார்க். மாவட்டத்தில் முதலிடம்.

மாவட்டத்தில் முதலிடம் பெற்ற சாப்பாட்டை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடவேண்டி இருக்கிறது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊருக்கே சமைக்கிறவன் தன் சாப்பாட்டை போர்டில் எழுத முடியவில்லை. யார் எழுதவிடாமல் வைத்திருக்கிறார்கள்? வெளியே கைகாட்டுவதற்கு முன்னால் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். "நான்வெஜ் பரவாயில்ல, ஆனா 'அது' மட்டும் வேண்டாம்" என்றேன். 'அது' என்றுதான் சொன்னேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அன்றைக்கு அதைப் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டேன்.

மத நம்பிக்கையால் உண்ணாதவர்களும், சைவர்களும் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. அவர்களுக்காகவே போர்டில் உள்ளது உள்ளபடி எழுதியிருக்க வேண்டும். தனிச் சட்டி, தனிக் கரண்டி வேண்டும். நான் பேசுவது மற்ற நம்மைப் பற்றி. ஆடு, கோழி, மீன், நண்டு வரை வந்துவிட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் மூக்கைப் பிடிக்கிறோமே, அது ருசியால் வந்ததா? யார் சாப்பிடுகிறார்கள் என்பதால் வந்தது. எந்தத் தெருவில் அந்தக் கறி வேகிறது என்பதை வைத்து அதற்கு ஜாதி கொடுத்துவிட்டோம்.

'தமிழர் பண்பாடு' என்று யாராவது ஆரம்பித்தால் பெரும்பாணாற்றுப்படையைக் காட்டுங்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய சங்கப் பாட்டு. கடற்கரைப் பட்டினத்தில், பல நாள் குழியில் அடைத்து வைத்து ஊட்டிக் கொழுக்கவைத்த ஆண் பன்றியின் கறியைக் கள்ளோடு விருந்தாகத் தருவார்கள் என்று புலவர் வழி சொல்லி அனுப்புகிறார். குரலை இறக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. இன்றைக்கும் நம் கால்நடைப் பல்கலைக்கழகம் வெண்பன்றி வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறது. வளர்க்கலாம், விற்கலாம். போர்டில் எழுதினால் மட்டும் ஃபேமிலி வராது.

ஓசூர் யார் யாரோ வந்து சேர்ந்து உருவான ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் புறப்பட்டது. அடுத்தடுத்து லாரி, கைக்கடிகாரம், இப்போது எலெக்ட்ரானிக்ஸ். 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் எந்த மலையிலிருந்தும் வரட்டும் என்கிறோம். சாப்பாட்டை மட்டும் மலையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சிப்காட் கேட் பக்கம் போனேன். ஒரு அம்மா எக்ஸ்.எல். மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு பக்கம் இட்லிப் பாத்திரம், மறுபக்கம் சாம்பார்த் தூக்கு. ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அட, இதுதானே டான் டான்! இரண்டு பக்கமும் பாரம், நடுவில் ஒரு தோள். சிச்சுவானில் கழி, இங்கே மொபெட். காவடி எடுப்பது எப்படி என்று ஓசூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ரூமிலிருந்து கிளம்பும்போது அந்தப் பையனிடம் கேட்டிருந்தேன், இதை வண்டியில் போடக் கூடாதா என்று. ஓனர் விடமாட்டார் என்றான். செகண்ட் ஹாண்டில் ஒரு எக்ஸ்.எல். வாங்கப் பணம் சேர்க்கிறானாம். சொந்த வண்டி என்றால் போடுவானாம்.

"போர்டு எழுதுவியா?"

கொஞ்சம் யோசித்தான். "எழுதுவேன் அண்ணா. தமிழ்ல எழுத நீங்க ஹெல்ப் பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வண்டி உங்கள் தெருவுக்கு வந்தால், பிடித்தால் சாப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் பக்கத்தில் இட்லி இருக்கிறது. காலி பண்ணச் சொல்லாதீர்கள்.